ஒக்டோபர் 15, ஆறு மணிக்குப் பிறகு

மகள்,

மணி ஆறு தாண்டிவிட்டது. மருத்துவத்துக்கான இந்த வருட விண்ணப்பம் மூடியாயிற்று. போடமாட்டேன் என்று நீ ஓகஸ்டிலேயே சொல்லிவிட்டாய். கடைசி நேரத்தில் மனம் மாறுவாய் என்று நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் கேட்கமாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் "ஒருக்கா மட்டும் போட்டுப் பாரன்" என்று திரும்பவும் தொடங்கிவிடுவேன். நாலு பேர் பார்க்க எழுதிவிட்டால் பிறகு சொல் மாற முடியாது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். அம்மம்மாவிடம் கொடு, வாசித்துக் காட்டுவா. அவவும் தெரிந்துகொள்ளட்டும்.

சொந்தக்காரரும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒன்று. பிள்ளை படிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கே பிரித்தானியாவில் மருத்துவத்துக்கு நாலு பல்கலைக்கழகத்துக்குத்தான் போடலாம், ஐந்தாவது தெரிவு வேறு பாடமாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் யூகட் என்று ஒரு பரீட்சை. அதன் வாசிப்புப் பகுதியில் மட்டும் 44 கேள்விகள், ஒன்றுக்கு அரை நிமிடம்தான். அதெல்லாம் தாண்டி, பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். முடிவு வருவதற்கு முன்பே நேர்முகம். நேர்முகம்வரை இவள் போனாள். அதற்கு மேல் நடந்ததும், அந்த மாசியில் எங்கள் வீட்டில் நடந்ததும் எங்களோடு இருக்கட்டும்.

எனக்கு அந்த நேர்முக முறையே புதிது. யாழ்ப்பாணத்தில் நான் ஏ.எல். எடுத்த காலத்தில் தாவரவியல், விலங்கியல், இரசாயனம், பௌதிகம் நாலுக்கும் வந்த புள்ளியைக் கூட்டுவார்கள், மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி போடுவார்கள், அவ்வளவுதான். ஏன் டொக்டராக விரும்புகிறாய் என்று எங்களிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுபோனவனுக்கு அந்தக் கேள்வி பிறகு தேவைப்படவும் இல்லை. உனக்குத்தான் அதைக் கேட்டார்கள். நீ என்னிடம் வந்து கேட்டாய். நான் யூடியூபைப் பார்த்து ஒரு பதில் எழுதித் தந்தேன்.

உன் நேர்முகம் இப்படி: ஒரு அறையில் ஒரு கேள்வி, சில நிமிடம், மணி, அடுத்த அறை. கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது. ஒரே ஆள் ஒரேயடியாகப் பிடித்தோ பிடிக்காமலோ தீர்ப்புச் சொல்வதைத் தவிர்க்கத்தான் இப்படிப் பல அறைகளாகப் பிரித்தார்கள். நியாயமான காரணம்தான். நான் குசினியை ஒரு அறை, முன்கூடத்தை ஒரு அறை ஆக்கி, அவணின் மணியை ஏழு நிமிடத்துக்கு வைத்தேன். நோயாளி தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நீ அந்த நாலு கோட்பாட்டையும் படிக்கட்டில் ஏறி இறங்கியபடி பாடமாக்கினாய். தன் நோயாளிகளையே கொன்ற ஷிப்மன் என்ற டொக்டரைப் பற்றி, சரியான கவனிப்பில்லாமல் நோயாளிகள் அவதிப்பட்ட ஸ்டஃபர்ட் ஆஸ்பத்திரியை விசாரித்து 2013இல் வந்த அறிக்கையைப் பற்றி எல்லாம் உன்னோடு சேர்ந்து நானும் படித்தேன். ரியூசன் காசையும் கணக்குப் பார்க்கவில்லை. இதை நான் சொல்லிக்காட்டுவதாக நினைப்பாய். சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

அந்தப் பூனைக் கேள்வி வந்த இரவை நீ மறந்திருக்கமாட்டாய். பக்கத்து வீட்டுக் கிழவியின் பூனையை நீ காரால் அடித்துவிட்டாய், அவவிடம் போய்ச் சொல். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற கேள்வி. கிழவியாக நான். நீ கதிரையை இழுத்துப் பக்கவாட்டில் போட்டு இருந்தாய், நேர் எதிரே இல்லை. கெட்ட செய்தி ஒன்று சொல்ல வந்திருக்கிறேன் என்று முதலில் சொன்னாய். பிறகு விஷயத்தை ஒரே வசனத்தில் சொன்னாய். பிறகு பேசாமல் இருந்தாய். எல்லாம் புத்தகத்தில் இருந்தபடி.

நான் கோபப்பட வேண்டும் என்பதுதான் திட்டம். எப்படி ஓட்டினாய், கண் தெரியாதா என்று நாலு கேள்வி எழுதி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தமிழில், நான் நினைக்காத ஒன்றைப் பேசத் தொடங்கினேன். ஆஸ்பத்திரி விறாந்தை, கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் "அவர் போயிட்டார்" என்று சொல்லிவிட்டு நடந்தவர், நாங்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றது. யாரைப் பற்றிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்குக்கூட நான் அதை முழுதாகச் சொன்னதில்லை.

மணி அடித்தது. நீ எழும்பவில்லை. ஒரு கையை நீட்டி அதை நிறுத்திவிட்டு, உனக்குத் தெரிந்த தமிழில் "பிறகு நீங்கள் எப்படி வீட்டுக்குப் போனீங்கள், அப்பா?" என்று கேட்டாய். அதை அன்றுவரை என்னிடம் எவரும் கேட்டதில்லை. நடந்து போனோம் என்றேன். எவ்வளவு தூரம் என்று கேட்டாய். சொன்னேன்.

அப்புறம் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "மணி அடிச்சா எழும்பவேணும். அடுத்த அறையில உனக்கு மார்க்ஸ் போய்க்கொண்டிருக்கு."

அதற்காக வருத்தப்படுகிறேன் என்று எழுதத்தான் இருந்தேன். ஆனால் நான் சொன்னதில் பிழை இல்லையே, மகள். உண்மையான நேர்முகத்தில் மணிக்குப் பிறகு ஒரு நொடி தரமாட்டார்கள். அதைச் சொல்லித் தராமல் விட்டிருந்தால் நான் என்ன தகப்பன்? இருந்தாலும் நீ அன்று என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. அதற்குப் பிறகு நீ என்னோடு பயிற்சிக்கு இருக்கவேயில்லை. முன்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் செய்தாய். கதவைச் சாத்தியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வயோதிபர் இல்லத்துக்கு உன்னை அனுப்பியதே நான்தான். விண்ணப்பத்தில் எழுத அனுபவம் வேண்டும் என்று. விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குத் தண்ணீரையும் தேத்தண்ணியையும் ஒரு மாப் போட்டுத் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவாசக்குழாய்க்குள் போய்விடும் என்று நீ முதல் வாரமே வந்து சொன்னாய். ஒவ்வொருவருக்கும் எந்தத் தடிப்பு என்று உனக்கு மனப்பாடம். அந்த முன்னாள் பஸ் சாரதி வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கமாட்டார், உனக்கு மட்டும் திறப்பார் என்று சொன்னாய். நான் கேட்டது, இதை 4000 எழுத்துக்குள் எப்படி அடக்கலாம் என்று. "இரக்கம் எவ்வளவு முக்கியம் என்று கற்றுக்கொண்டேன்" என்று ஒரு வசனமாக்கச் சொன்னேன். நீயும் ஆக்கினாய். அந்த மனிதர் அதில் இல்லை.

இப்போது அங்கேயே முழுநேரமாக நிற்கிறாய், அடுத்த வருடம் நேர்ஸிங் படிக்கப் போகிறேன் என்கிறாய். நேர்ஸ் என்றால் குறைவு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். எனக்கு வயிறு எரிகிறது, அது வேறு. உன் இரசாயன மார்க்ஸைப் பார்க்கும்போது எரியும், பெரியம்மாவின் மகன் வெள்ளை அங்கியோடு படம் போடும்போது எரியும். அதை நிறுத்தச் சொல்லி என்னிடம் கேட்காதே. அது எனக்கும் நான் தாண்டாத அந்த வெட்டுப்புள்ளிக்கும் இடையில் உள்ள விஷயம். உன் தலையில் அதை வைத்திருந்தேன், இறக்கிவிட்டேன்.

மேசைமேல் இருக்கும் நேர்முகப் புத்தகங்களைக் கீழ்வீட்டுப் பிள்ளை கேட்டிருக்கிறாள், நாளைக்குக் கொடுக்கிறேன். பெரியம்மா கோல் எடுத்தால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன். நேர்ஸிங் விண்ணப்பத்துக்கு ஜனவரிவரை நேரம் இருக்கிறது. அந்தப் பஸ் சாரதியைப் பற்றி உனக்கு எப்படி எழுத வருகிறதோ அப்படியே எழுது, நான் திருத்தமாட்டேன். கட்டணத்தை மட்டும் என் கார்டில் கட்டு.

அப்பா