பிரிட்டிஷ் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அறங்காவலர்களே,

பசிபிக் பெருங்கடலின் ராப்பா நுயி (ஈஸ்டர்) தீவிலிருந்து 1868 நவம்பரில் டோபாஸ் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஏற்றிச்சென்ற ஹோவா ஹக்கனனையா என்ற மோவாய்ச் சிலை (மோவாய் என்பது அத்தீவினர் வடித்த பெரிய மனித உருவக் கற்சிலை), கடற்படைத் தலைமையால் விக்டோரியா அரசிக்கும், 1869இல் அரசியால் உங்கள் நிறுவனத்துக்கும் வழங்கப்பட்டது. லண்டனில் நடந்த இக்கைமாற்றங்களில் ஐயமில்லை. ஓரோங்கோ என்னும் தீவின் சடங்குக் கிராமத்துக் கல்வீட்டுக்குள்ளிருந்து சிலையைத் தோண்டியெடுத்த அன்று அதைக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே என் கேள்வி.

1722இல் ரோகவேனின் டச்சு மாலுமிகள் கரையிறங்கியபோதே தீவினர் பத்துப் பேரளவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால் அச்சமூகத்தின் முதுகெலும்பை முறித்தது பின்னர் வந்த ஆள்பிடிக் கப்பல்கள். 1862 இறுதியிலிருந்து, பெருவில் கூலிகளாக உழைப்பதற்கென்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அத்தீவிலிருந்து கடத்தப்பட்டார்கள். வெளிநாட்டுக் கண்டனங்களுக்குப் பிறகு பெரு அரசு அவர்களைத் திருப்பியனுப்ப இணங்கியபோது, உயிரோடு ஊர் சேர்ந்த மிகச் சிலருடன் பெரியம்மையும் வந்திறங்கியது. தலைவர்களும், தீவின் ரோங்கோரோங்கோ எழுத்துக் குறிகள் பொறித்த பலகைகளை வாசிக்க அறிந்தவர்களும் சில ஆண்டுகளுக்குள் அழிந்துபோயினர். எஞ்சியோரைக் கத்தோலிக்க மறைபரப்பாளர்கள் மதம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். டோபாஸ் நங்கூரமிட்டது அத்தகைய வேளையில். 1877இல் தீவில் மிஞ்சியிருந்தவர்கள் 111 பேர் மட்டுமே.

தீவினர் யாரும் தடுக்கவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. சிலையைக் காக்கும் பொறுப்புடையவர்களைக் கொள்ளைநோய்க்கும் அடிமை வாணிபத்துக்கும் இழந்து நின்ற ஒரு சிறு கூட்டத்தின் மௌனத்தை இசைவு என்று எந்த நீதிமன்றம் ஏற்கும்? தீவில் நூற்றுக்கணக்கான மோவாய்கள் இன்னும் இருக்கின்றனவே என்ற சமாதானமும் பொருந்தாது. பெரும்பாலானவை மென்மையான எரிமலைச் சாம்பற்கல்லில் வடிக்கப்பட்டிருக்க, இது பாசால்ட் கல்லில் அமைந்த மிகச் சிலவற்றுள் ஒன்று. இதன் முதுகில் பறவைமனிதன் வழிபாட்டின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் இருந்த சிவப்பு, வெள்ளை வண்ணங்களோ கப்பலுக்கு மிதக்கவிட்டுக் கொண்டுசென்றபோதே கடலில் கரைந்துவிட்டன. பாதுகாப்புக்காகவே எடுத்துவந்தோம் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

2018 நவம்பரில் ராப்பா நுயியின் ஆளுநர் உள்ளிட்ட தூதுக்குழு உங்களிடம் நேரில் வந்து சிலையைக் கேட்டது. சேகரிப்பிலுள்ள பொருள்களை விட்டுக்கொடுக்க 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம் பெரிதும் இடந்தராது என்பதை அறிவேன். ஆயினும் மனித எச்சங்களைத் திருப்பித்தர 2004இல் நாடாளுமன்றம் வழிசெய்தது. அதன்படி 2006இல் டாஸ்மேனியப் பூர்வகுடியினரின் சாம்பல் பொதிகளை ஒப்படைக்க முடிவெடுத்தவர்கள் உங்கள் அவையினரே. சிலியின் கைகளும் தூயவை அல்ல: 1888இல் தீவை இணைத்துக்கொண்ட அந்நாடு, அதை ஆட்டுப்பண்ணை நிறுவனத்திடம் விட்டு, மண்ணின் மக்களை ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் முடக்கி வைத்தது, 1966 வரை முழுக் குடியுரிமையும் தரவில்லை. அதே சிலியின் தேசிய அருங்காட்சியகம்கூட, 1870இல் எடுத்துச்சென்ற மோவாய் ஒன்றை 2022இல் தீவுக்குத் திருப்பியனுப்பியிருக்கிறது.

நீண்டகாலக் கடன் என்ற ஏற்பாடு, உரியவர்களை இரவல் வாங்குவோராக்கும் என்பதால் அதை நான் வேண்டவில்லை. 2004இல் செய்ததைப் போன்றதொரு திருத்தத்தை ஹோவா ஹக்கனனையாவுக்காகக் கொண்டுவருமாறு அறங்காவலர் அவை அரசுக்கு முறைப்படி எழுத வேண்டும் என்றும், அக்கடிதத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு தமிழ் வாசகர்