முதல் வகுப்பை அவசரமாகத் தாண்டிவிடாதே

அன்பு மகள் யாழினிக்கு,

திங்கட்கிழமை நீ நிரலாக்கம் நடத்தப்போகும் முதல் வகுப்பு என்று அம்மா சொன்னாள். திரையில் 'ஹலோ, வேர்ல்ட்' என்ற வாசகத்தை மட்டும் காட்டும் நிரலை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மதிப்புகளைச் சேமித்து வைக்கும் மாறிகளுக்குப் போய்விடப் போகிறாயாமே? பல வருடம் பாலிடெக்னிக்கில் 'சி' நிரல் மொழி நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வேண்டாம் அம்மா. அந்த வகுப்பு முழுவதையும் அதற்கே கொடு.

அந்த வாசகம் பிறந்த கதை அருமையானது. நியூஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் இருந்த பிரையன் கெர்னிகன், 1972-ல் 'பி' மொழிக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதினார். கென் தாம்சன் உருவாக்கிய அந்த மொழியிலிருந்துதான் 'சி' வளர்ந்தது. அந்தக் குறிப்பில் 'ஹலோ, வேர்ல்ட்' முதல் நிரலே அல்ல. சில பகுதிகள் தாண்டிய பிறகு, பொது மாறிகளை விளக்கும் இடத்தில் வருகிறது. அதுவும் மூன்று துண்டாக. அங்கே ஓர் எழுத்து மாறிலியில், அதாவது நிரலில் நேரடியாக எழுதும் எழுத்து மதிப்பில், நான்கு எழுத்துகள்தான் கொள்ளும். எனவே முதல் மாறியில் எச், இ, எல், எல். இரண்டாவதில் ஓ, காற்புள்ளி, இடைவெளி, டபிள்யூ. மூன்றாவதில் ஓ, ஆர், எல், டி. பன்னிரண்டும் மிச்சமில்லாமல் பொருந்திவிட்டன! இதைக் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டு. நினைவகம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு அங்கேயே பிடிபட்டுவிடும்.

1974-ல் அவர் எழுதிய 'சி' மொழிக் குறிப்பில் அது ஆரம்பத்துக்கே வந்துவிட்டது. 'சி'-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியுடன் சேர்ந்து 1978-ல் வெளியிட்ட 'தி சி புரோகிராமிங் லேங்வேஜ்' நூலில் அதுதான் முதல் நிரல். உலகம் முழுக்கப் பரவியது அந்த நூலால்தான். முட்டையிலிருந்து வந்த கோழிக்குஞ்சு உலகுக்கு வணக்கம் சொல்லும் ஒரு கேலிச்சித்திரம் மங்கலாக நினைவிருப்பதாகக் கெர்னிகன் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நூலில் அந்த நிரலோடு அவர் சொல்வதுதான் உனக்கு முக்கியம். இதுதான் பெரிய தடை என்கிறார். நிரலை எங்கோ ஓரிடத்தில் எழுத வேண்டும், கம்பைல் செய்து கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்ற வேண்டும், ஓடவிட வேண்டும், வெளியீடு எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகு சுலபம்.

கடைசியாகச் சொன்னதை எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு ஜூலையிலும் பார்த்தேன். நிரல் எழுதி ஓட்ட நாங்கள் வைத்திருந்த டர்போ சி மென்பொருளின் நீலத் திரையில் நிரல் பிழையின்றி ஓடும். கறுப்புத் திரை கண்சிமிட்டும் நேரம் வந்து மறையும். "சார், ஒன்றுமே வரவில்லை" என்று பையன் திகைத்து நிற்பான். ஆல்ட்டையும் எஃப்-5-ஐயும் சேர்த்து அழுத்தச் சொல்வேன். எழுத்துகள் தெரிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரனை இழுத்துக் காட்டுவான். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் பலருக்குக் கம்ப்யூட்டர் மீதிருந்த பயம் அந்த இடத்தில்தான் விலகியது. அந்த நிமிடத்தை உன் மாணவர்களிடமிருந்து பறித்துவிடாதே.

அரைப்புள்ளியை விட்டுவிட்டு வரும் பிழைச் செய்தியை அவர்களே வாசிக்கட்டும். அடுத்த வரிக்குப் போகும் குறியை எடுத்துவிட்டு, என்ன ஆகிறது என்று அவர்களே பார்க்கட்டும். மாறிகள் புதன்கிழமை வரை காத்திருக்கும்.

வகுப்பு முடிந்ததும் போன் செய். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் வெளியீடு வந்ததா என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா