எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் வேண்டாம்: காப்புரிமை அலுவலகத்துக்குக் கடலூரிலிருந்து ஒரு மடல்

மத்திய வணிக அமைச்சக அதிகாரிகளுக்கும் கிண்டி காப்புரிமை அலுவலகத்தாருக்கும் வணக்கம்.

கிட்னி மாற்றியவர்களை வைரஸிலிருந்து காக்கும் வால்கான்சிக்ளோவிர் மாத்திரை பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அந்த ஃபைல் உங்களிடமே இருக்கிறது. போன வாரம் தம்பியின் ரிவ்யூவுக்காகப் புதுச்சேரி போயிருந்தோம். பக்கத்தில் ஒரு பண்ருட்டிப் பெண், வீட்டுக்காரருக்குக் கிட்னி மாற்றி இருபது நாள்தான் ஆகிறதாம். "அக்கா, இந்த வைரஸ் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வாங்கணும்?" என்று பில்லை நீட்டினார். அதைப் பார்த்ததும் பழசெல்லாம் வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு மாற்றியது 2007இல். கொடுத்தது அம்மா. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைக்கிறார்கள், அந்த நேரம் பார்த்து உள்ளே சும்மா கிடந்த சிஎம்வி என்ற வைரஸ் கிளம்பும், அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. ஒரு நாளைக்கு இரண்டு, நூறு நாள். அப்போது ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல். நாலு நாலாக வாங்கி எவர்சில்வர் டப்பாவில் எண்ணி வைப்போம். ஒரு ராத்திரி ஒரு மாத்திரை கை தவறி உருண்டு கேஸ் சிலிண்டருக்கு அடியில் போய்விட்டது. அம்மா, இடுப்பில் தையல் போட்ட தழும்பு ஆறாத அம்மா, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் தரையில் ஒருக்களித்துப் படுத்து, டார்ச் அடித்து, துடைப்பக்குச்சியால் அதை வெளியே தள்ளினார். ஊதித் துடைத்துத் தம்பிக்குக் கொடுத்தார். வேறொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று யாருமே சொல்லவில்லை.

அதே 2007இல்தான் சென்னை அலுவலகம் அந்த மருந்துக்குக் காப்புரிமை, அதாவது ஒரு கம்பெனி மட்டுமே விற்கும் உரிமை, கொடுத்தது, இதே மாத்திரை தேவைப்படும் எச்ஐவி நோயாளிகளின் கூட்டமைப்புகள் போட்டிருந்த எதிர்ப்பு மனுவை விசாரிக்காமலேயே. அது தவறு என்று 2008 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2010இல் உங்கள் அலுவலகமே காப்புரிமையை ரத்து செய்தது, கான்சிக்ளோவிர் என்ற பழைய மருந்தின் இன்னொரு வடிவம்தானே அது. இதற்கிடையில் இந்தியக் கம்பெனியான சிப்லா அதே மாத்திரையை 245 ரூபாய்க்கு விற்றது. மருந்துக் கம்பெனிகளும் எதிர்த்தன, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் நோயாளிகளும் வாசலில் நின்றார்கள், காப்புரிமை தரும் முன்பே போட்ட அந்த முதல் மனுவோடு காசு கட்டாமல் நின்றார்கள்.

2024 மார்ச்சில் விதியை மாற்றி அந்த வாசலில் கட்டணம் வைத்துவிட்டீர்கள். மனு விசாரணைக்கு ஏற்றதுதானா என்று முதலில் நீங்களே பார்ப்பீர்களாம், அப்புறம்தான் மற்றது. காப்புரிமை தரும் முன்பு யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்று காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு சொல்கிறது. யார் வேண்டுமானாலும் என்றால் டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவரும்தான். அந்தக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள்.

காப்புரிமையை நம் நாட்டில் பயன்படுத்துகிறார்களா என்று கம்பெனிகள் வருடா வருடம் கணக்குக் கொடுத்துவந்த படிவம் 27ஐ மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும் என்று அதே விதிகளில் தளர்த்தினீர்கள். அவர்களுக்கு வேலை குறைகிறது, எதிர்க்க வரும் நோயாளிக்குக் கட்டணச் செலவு கூடுகிறது. எங்கள் ஊர் சிப்காட்டில் மருந்து ரசாயனம் காய்ச்சும் நாற்றத்தை ராத்திரியெல்லாம் சுவாசிக்கிறோம், மாத்திரைக்கு மட்டும் நாங்கள் கையேந்த வேண்டுமா? கோபம் வந்துவிட்டது, மன்னியுங்கள்.

கேட்பது ஒன்றுதான். மருந்துக் காப்புரிமையை நோயாளிகளோ அவர்கள் சங்கங்களோ எதிர்த்தால் கட்டணம் வாங்காதீர்கள், மனுவை வாசலிலேயே தள்ளாமல் கூப்பிட்டு விசாரியுங்கள். தயவுசெய்து பதில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அக்கா