பார்லர் நாற்காலியில் அழுகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பக்கத்தில் பியூட்டி பார்லர் தொடங்குவது பற்றி வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தபடியே இரண்டு முறை படித்தேன். நாற்காலி, ஸ்டீமர், கடை முன்பணம், வங்கிக் கடன் எல்லாம் விவரமாக இருந்தன. அந்த நாற்காலியில் வந்து உட்காரும் பெண் அழ ஆரம்பித்தால் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. தோட்டப்பாளையத்தில் பதினான்கு வருடமாகப் பார்லர் நடத்துகிறேன். என் கடையில் வாரத்துக்கு ஒருவராவது அழுகிறார்கள். நான் படித்த ஆறு மாத வகுப்பில் த்ரெடிங் நூலை எப்படிப் பிடிப்பது என்று ஒரு வாரம் சொல்லித்தந்தார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் வேலைக்கு வந்த பெண்களைக் கேட்டேன், அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

வேலூரில் தொழில் செய்கிறவர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் அதிகம். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வருகிறார்கள். காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அடுத்த தேதிக்காகக் காத்திருக்கிறார்கள். அப்படி ஒரு அம்மா, போன கோடையில் மகளுடன் என் கடை வாசலில் நின்றார். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றத் தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். அவருக்கும் அப்படித்தான், காலையில் தலையணை முழுக்க முடி. "எடுத்துடுங்க தீதி" என்று இந்தியில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மகள் அழுதுவிட்டாள்.

நம் ஊரில் மொட்டை என்றால் திருப்பதி வேண்டுதல். சந்தனம் பூசிக்கொண்டு சிரித்த முகத்தோடு திரும்பி வருவோம். வைத்தியத்துக்காக எடுக்கும் மொட்டைக்கு அந்த நிம்மதி கிடையாது. அன்றைக்கு நான் முதலில் ஷட்டரைப் பாதி இறக்கினேன். நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிவிட்டு, பார்க்க வேண்டும் என்று தோன்றும்போது சொல்லுங்கள், திருப்புகிறேன் என்றேன். முடியைப் பின்னி, பின்னலாகவே வெட்டி மகள் கையில் கொடுத்தேன். அப்புறம் கத்தரியால் குட்டையாக்கி, கடைசியில் ட்ரிம்மர். சவரக்கத்தி கூடாது. கீமோ நடக்கும்போது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், சின்னக் கீறல்கூடப் புண்ணாகிச் சீழ் பிடிக்கலாம். "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாத விஷயம். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் முடி திரும்ப வளரும், சிலருக்குச் சுருட்டையாகக்கூட வரும் என்பது தெரியும். அதைச் சொன்னேன். வேலூர் வெயிலுக்கு விக் அரிக்கும், மெல்லிய காட்டன் துணி நல்லது என்றேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. போகும்போது என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. தொடக்கத்தில் நான் இப்படி இல்லை. கடை போட்ட இரண்டாம் வருடம், கல்யாண மேக்கப் ட்ரையலுக்கு வந்த ஒரு பெண் விக்கி விக்கி அழுதாள். மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றாள். "கல்யாணம் ஆனா எல்லாம் பழகிடும்மா" என்று வாயை அடைத்தேன். அதோடு விட்டேனா, மறுநாள் ஃபேஷியலுக்கு வந்த வேறொரு அக்காவிடம் பேச்சுவாக்கில் சொல்லியும்விட்டேன். அது சுற்றி அந்தப் பெண்ணின் அம்மா காதுக்கே போயிற்று. அப்புறம் அவள் என் கடைப் படி ஏறவே இல்லை. இன்றைக்கும் மெயின் பஜாரில் அவளைப் பார்த்தால் நான்தான் தலை குனிகிறேன். பார்லரில் கேட்டது பார்லரிலேயே நிற்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தர அவள் அழ வேண்டியிருந்தது.

ஏன் எங்களிடம் அழுகிறார்கள் என்று நிறைய யோசித்திருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் எண்ணெய் தேய்த்துவிடுகிற பெண்ணின் தலையை யாரும் தொடுவதில்லை. கண்மேல் பஞ்சு வைத்து, கழுத்தில் சூடான டவல் போட்டு, நெற்றியில் விரல் வைத்தால் சிலருக்குத் தண்ணீர் தானாக வழிகிறது. காரணம் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அப்போது கையைப் படக்கென்று எடுத்தால், தப்பு செய்துவிட்டோமோ என்று கூனிப்போகிறார்கள். மெதுவாகக் கையை எடுத்து, ஸ்டீமரை நிறுத்தி, கண் பஞ்சை அகற்றி, நிமிர்ந்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். "நிறுத்தட்டுமா, தொடரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். தோளைத் தொடுவதைக்கூடக் கேட்டுத்தான் செய்கிறேன். அடி வாங்குகிற உடம்புக்கு எந்தக் கை எதற்கு வருகிறது என்ற பயம் இருக்கும்.

அடி என்று சொன்னேன். வேக்ஸிங் செய்கிறவர்கள் கண்ணுக்கு மேல்கையில் கன்றிப்போன இடம் தப்பாது. அதை மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கவே கூடாது. தனியாக இருக்கும்போது, "இந்த இடத்துல வலிக்குதாம்மா?" என்ற அளவில் கேட்கலாம். சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும், சொல்லாவிட்டால் துருவக் கூடாது. "விட்டுட்டு வந்துடு" என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை, அன்றைக்கு இரவு அந்த வீட்டுக்குப் போகப்போகிறவள் அவள். பெண்கள் உதவி எண் 181. இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன் முன்பெல்லாம். சீட்டு பர்ஸில் அகப்பட்டால் அதுவே இன்னொரு அடி என்று பிறகுதான் உறைத்தது. இப்போது உடை மாற்றும் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். தாழ் போட்டால் மட்டுமே கண்ணில் படும்.

அதற்குக் கீழேயே 14416 என்ற எண்ணும் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். ஒரு பெண், "இருந்து என்னக்கா ஆகப்போகுது" என்றால் பேச்சை மாற்றக் கூடாது. "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது என்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆமாம் என்றால் தனியாக அனுப்பாமல், கூட உட்கார்ந்து அந்த எண்ணைப் போட்டுக் கொடுக்க வேண்டும். பாகாயத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மனநல மருத்துவமனை இயங்கும் ஊர் இது. ஆனாலும் அங்கே போய்வந்தேன் என்று வெளியில் சொல்லக் கூசுகிறார்கள். பார்லருக்கு வருவதற்கு யாரும் கூசுவதில்லை.

புதிதாகக் கடை போடுகிறவர்கள் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. சண்டை போட்டுவிட்டு நேராக வந்து "ஒட்ட வெட்டிடுங்க" என்பவர்களுக்கு அன்றைக்கே ஒட்ட வெட்டாதீர்கள். தோள்வரை வெட்டி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். பாதிப் பேர் வருவதில்லை. அழுது களைத்திருக்கிறவரிடம் மூவாயிரம் ரூபாய் ஹேர் ஸ்பா பேக்கேஜைத் தள்ளிவிடுவது எனக்குத் திருட்டாகவே படுகிறது. அவர் அப்போது எதற்கும் சரி என்பார்.

நாங்கள் மனநல ஆலோசகர்கள் இல்லை என்பதும் தெரியும். அடுத்தவர் காத்திருக்கும்போது, "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, உட்காருங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. என்னிடம் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. வாடிக்கையாளர்களுக்குச் சொந்த நம்பரைக் கொடுத்துவிட்டு, இரவு பதினொன்றுக்கு அவர்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டு தூங்காமல் வந்து நிற்பாள். கடை நம்பர் மட்டும்தான் என்று இப்போது கட்டாயமாக்கிவிட்டேன். ஷட்டர் இறக்கியதும் டீ குடித்துக்கொண்டே, யார் எவர் என்று பேர் சொல்லாமல், அன்று மனதில் தங்கியதை அவள் என்னிடம் இறக்கிவைக்கிறாள். நான் கேட்கிறேன்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2017 முதல், முடி அலங்காரம் செய்வோரும் அழகுக்கலைஞர்களும் உரிமத்தைப் புதுப்பிக்க, குடும்ப வன்முறை பற்றி ஒரு மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. போலீஸில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை, அடையாளம் கண்டு வழிகாட்டத் தெரிந்தால் போதும். நம்மிடம் ஐ.டி.ஐ.யில் ஒரு வருட அழகுக்கலைப் படிப்பு இருக்கிறது, தெருவுக்குத் தெரு குறுகியகால வகுப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் இதற்காக ஒரு முழு நாளை ஒதுக்கச் சொல்லித் தங்கள் இதழ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை காத்திருக்கவும் மனமில்லை. செவ்வாய்க்கிழமை முடி வெட்ட யாரும் வரமாட்டார்கள், எங்களுக்கு ஓய்வான நாள். இந்த ஊர் மருத்துவமனைகளில் வேலை செய்யும் மனநல ஆலோசகர் யாராவது இதைப் படித்து, ஒரு செவ்வாய் மதியம் மூன்று மணி நேரம் ஒதுக்கினால், எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் உள்ள பார்லர் பெண்களை எல்லாம் நான் அழைத்து வருகிறேன். இடம் என் கடை, டீயும் என் பொறுப்பு. முகவரியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோட்டப்பாளையம், வேலூர்.