கிளீவ்லாந்தை நிராகரித்தது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதவி இழந்து மீண்டும் போட்டியிட்ட அமெரிக்க அதிபர்கள் பற்றிய ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். 1888இல் மக்களால் நிராகரிக்கப்பட்ட குரோவர் கிளீவ்லாந்து 1892இல் திரும்பி வந்தார் என்கிறது அது. திரும்பி வந்தது சரி. நிராகரித்தது மக்கள் அல்ல. அந்தத் தேர்தலில் எதிர்த்து நின்ற பெஞ்சமின் ஹாரிசனைவிட ஏறத்தாழ 90,000 வாக்குகள் அதிகம் வாங்கியவர் கிளீவ்லாந்துதான். அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகளில்தான் (மாநிலந்தோறும் பங்கிடப்பட்டவை; பொதுவாக ஒரு மாநிலத்தில் முந்துபவருக்கே அதன் முழுப் பங்கும் போகும்) 233க்கு 168 என்று தோற்றார். அவர் ஆளுநராக இருந்த நியூயார்க்கே காலை வாரியது. அங்கே சுமார் 14,000 வாக்குகளில் கைநழுவிய 36 தேர்வாளர் வாக்குகள் கிடைத்திருந்தால் பதவியை விட்டே போயிருக்க மாட்டார். டிரம்ப் கதை வேறு. 2016இல் அவர் மக்கள் வாக்கில் பின்தங்கியும் ஜெயித்தார், 2020இல் இரண்டு கணக்கிலும் தோற்றார். இருவரையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தவில்லை.

நான் பள்ளியில் வரலாறு நடத்தியபோது, அதிபர் பட்டியலில் 22, 24 என இரு இடத்தில் கிளீவ்லாந்து பெயரைக் கண்ட மாணவன் ஒருவன், அச்சுப்பிழை என்று நினைத்து இரண்டாவதைப் பேனாவால் அடித்துவிட்டான்! அடுத்த முறை இத்தகைய கட்டுரைகளில் மக்கள் வாக்கு, தேர்வாளர் வாக்கு இரண்டையும் அருகருகே தந்து ஒரு சிறு அட்டவணை வெளியிடுங்கள்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்