பசுமை வழித்தடத்துப் புதர்களைக் குளிர்காலம் முடியும்வரை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரமும் புதருமாக நீளும் நடைபாதைகளான நகரத்துப் பசுமை வழித்தடங்களைக் குளிர்காலத்தில் தூய்மைப்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். புதர்கள் மழிக்கப்பட்டு, சருகுகள் கடைசி இலைவரை வாரப்பட்டு, தரை துடைத்துவிட்டாற்போல் இருந்ததைக் காட்டிய, செய்தியோடு வந்த படத்தைப் பலரும் பாராட்டியிருப்பார்கள். பல ஆண்டுகளாகக் காலை வேளைகளில் இருநோக்கியும் குறிப்பேடுமாக இத்தகைய பாதையில் நடந்து வருகிற எனக்கு, அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்த மாதம்தான் உறுத்தியது. ஆண்டில் எந்தப் பருவத்தில் அந்தப் புதரும் சருகும் மிகுதியான பறவைகளுக்குத் தேவைப்படுகின்றனவோ, அதே பருவத்தில் அவற்றை அகற்றுகிறோம்.

பழைய ரயில் தடங்கள், கால்வாய்க் கரைகள், ஓடையோரங்கள் ஆகியவையே பெரும்பாலும் பசுமை வழித்தடங்களாக மாறுகின்றன. சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு ரயில் ஓட்டம் நின்றுபோன 24 கிலோமீட்டர் தடம் இன்று அப்படியொரு நடைபாதையாக இருக்கிறது. அகலத்தில் இவை பூங்காக்களுக்கு ஈடாகாவிட்டாலும், நீளத்தில் இவற்றின் பலம் இருக்கிறது. வெட்டவெளியைக் கடக்க அஞ்சும் சிறு பறவை, புதரிலிருந்து புதருக்குத் தாவியே நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விட முடியும். நடுவில் 200 மீட்டர் நீளத்துக்குப் புதர் இல்லாமற்போனால் அந்தத் தொடர் அறுந்துவிடுகிறது. நடப்பவருக்கு அது இரண்டு நிமிடத் தொலைவு என்பதால் இந்த இழப்பு அவர் கண்ணில் படுவதேயில்லை.

குளிர்காலத்தில் இப்பாதைகளுக்கு வலசை வருபவை பெரும்பாலும் நிறத்தாலோ உருவத்தாலோ கவனத்தை ஈர்க்காத பறவைகள். இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் இனப்பெருக்கம் செய்துவிட்டுத் தெற்கே இறங்கும் பச்சைக் கதிர்க்குருவி 10 கிராமுக்கும் குறைவான எடை உடையது. இலையோடு இலையாக இருக்கும் அதைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவதே எளிது. அதன் கூரிய இரட்டைக் குரல் கேட்டால் அசையாமல் நின்றுவிட வேண்டும். சற்று நேரத்தில் வெள்ளைக்கண்ணியும் தையல்சிட்டும் மாம்பழச்சிட்டும் கூடவே வந்து சேரலாம். அவை கிளைகளைக் கலைக்கும்போது வெளியேறும் பூச்சிகளைப் பிடிக்கக் கரிச்சான் ஒன்று பின்னால் காத்திருக்கும். வலசை வந்தவையும் உள்ளூர்ப் பறவைகளும் இப்படிக் கலந்து இரைதேடும் கூட்டத்தைப் பார்ப்பதற்காகவே குளிர்காலக் காலை நடையை நான் தவறவிடுவதில்லை.

இவையெல்லாம் மேலே நடப்பவை. பேச்சு சருகைப் பற்றியது என்பதால் தரைக்கு வருகிறேன். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, கொடிக்கால் வாலாட்டி மட்டும் பக்கவாட்டில் அசைந்துகொண்டு மரநிழலிலுள்ள சருகின்மேல் நடந்து பூச்சி பொறுக்கும். காலையிலும் மாலையிலும் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று நம்மவர்கள் அழகாகப் பெயரிட்ட பறவையும், செந்தலைப் பூங்குருவியும், உதிர்ந்த இலைகளைப் புரட்டியும் கிளறியும்தான் வயிறு நிரப்புகின்றன. சருகுக்கு அடியில் ஈரம் தங்குகிறது. அந்த ஈரத்தில் மண்புழுவும் வண்டும் சிலந்தியும் வாழ்கின்றன. பல அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் அங்கேயே பருவத்தைக் கழிக்கின்றன. குப்பை என்று நாம் மூட்டை கட்டி அனுப்புவது, நெடுந்தொலைவு பறந்து இளைத்து வந்த ஒரு பறவையின் உணவு. காய்ந்து நிற்கும் புல்லின் கதிர்களுக்கும் இதுவே பொருந்தும். சில்லைகள் கூட்டமாக வந்து அவற்றில் தொங்கி விதை உண்பதைப் பார்த்தவர்கள் அங்கே புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டத் தயங்குவார்கள்.

என் குறிப்பேட்டிலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நான் நடக்கும் பாதையின் வளைவில் ஒரு முட்புதர் இருந்தது. அதன் உச்சிக்கிளையில் தொடர்ந்து மூன்று குளிர்காலங்களில் ஒரு பழுப்புக் கீச்சானைப் பார்த்தேன். அடையாளத்துக்காகக் காலில் வளையம் மாட்டப்படாத பறவையை அதே பறவை என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பது தெரியும். ஆயினும், வலசை வரும் கீச்சான்கள் ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பி, வந்த சில நாட்களிலேயே உரக்கக் கத்தித் தமக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும் இயல்புடையவை என்பது வளையமிட்டு ஆராய்ந்தவர்கள் கண்டறிந்த செய்தி. நான்காம் ஆண்டு அது வந்து சேர்ந்த சில வாரங்களில் புதர் வெட்டப்பட்டது. இரண்டு நாள் பக்கத்து வேலிக்கம்பியில் உட்கார்ந்திருந்தது, பிறகு காணவில்லை. வெட்டியவர்கள்மேல் எனக்குக் குறையில்லை, அவர்களுக்கு இடப்பட்ட வேலையை அவர்கள் ஒழுங்காகவே செய்தார்கள். நாட்காட்டியைப் பார்த்து வேலையை ஒதுக்கியவர்கள், அந்த நாட்காட்டியில் பறவைகளுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

பனி பொழியும் நாடுகளில் இத்தேவை இன்னும் கடுமையானது. அங்கே தங்கிவிடும் சிக்கடி என்ற சிறு பறவை, இரவில் தன் உடல் வெப்பத்தைப் பகலில் இருப்பதைவிட ஏறத்தாழப் பத்து டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொண்டு உயிர் தரிக்கிறது. பகல் முழுவதும் அது தேடுவது பட்டைக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிகளையும், காய்ந்த செடிகளில் எஞ்சியிருக்கும் விதைகளையும்தான். நியூயார்க்கில் பழைய சரக்கு ரயில் மேம்பாலத்தின்மேல் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹைலைன் நடைபாதையில், பூத்து முடிந்த செடிகளைக் குளிர்காலம் முழுவதும் அப்படியே நிற்கவிட்டு, வசந்தத் தொடக்கத்தில்தான் வெட்டுகிறார்கள். பெருநகரத்தின் நடுவில், கூட்டம் அலைமோதும் பாதையில் இது இயலுகிறது என்றால், மற்ற இடங்களில் இயலாது என்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் கணக்கு உண்டா என்று கேட்கலாம். கிறிஸ்துமஸ் நாளில் யார் அதிகமாகப் பறவை சுடுவது என்று போட்டியிடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. அதற்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்று பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900ஆம் ஆண்டு டிசம்பரில் முன்மொழிந்தார். அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணியதில் தொடங்கிய குளிர்காலக் கணக்கெடுப்பு இன்றுவரை தொடர்கிறது. 1970க்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக்கு அந்தப் பழைய கணக்குகளும் உதவின. பார்த்த பறவைகளைப் பதிவதற்காக 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஈபேர்ட் என்ற இணையதளத்தின் வழியாக, இன்று நடைபயிற்சிக்கு வரும் எவரும் கால் மணி நேரப் பட்டியல் ஒன்றைப் பதிய முடியும். புதர் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே பாதையில் எடுத்த பட்டியல்களை ஒப்பிட்டாலே நான் சொல்வது சரியா தவறா என்பது தெரிந்துவிடும்.

எதிர்வாதங்களை நான் அறியாமல் இல்லை. தனியாக நடக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் முன்னால் இருப்பது தெரிய வேண்டும். சருகுக்குள் பாம்பு இருக்கலாம். வறண்ட இடங்களில் தீப்பற்றும் அபாயமும் உண்டு. இவை நியாயமான அச்சங்கள். ஆகையால் பாதையையும் அதன் இருபுறமும் இரண்டு மீட்டர் அகலத்தையும் தாராளமாகத் திருத்திக்கொள்ளட்டும். வாரிய சருகை எரிக்காமலும் மூட்டை கட்டாமலும் தள்ளியிருக்கும் மரங்களின் அடியில் கொட்டட்டும். கொசுவைக் காட்டிச் சருகை அகற்றுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கொசு தேங்கிய நீரில் முட்டையிடுகிறது. அதற்கு இடம் கொடுப்பவை நடப்பவர்கள் வீசிவிட்டுப் போகும் குவளைகளும் பைகளும்தான்.

வெட்டுவதை வசந்தத்துக்குத் தள்ளினால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. வலசை வந்தவை திரும்பும் வேளையில் உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும். எனவே முழு நீளத்தையும் ஒரே முறையில் வெட்டாமல் மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும், கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பாதையில் விழாத தொலைவிலுள்ள பட்டமரங்களையும் மரங்கொத்திகளுக்காக விட்டுவைக்கலாம்.

பறவை பார்ப்பவர்களிடமும் குறை இருக்கிறது. ஒரு படத்துக்காகப் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு ஆறுமணிக்குருவியை வெளியே இழுப்பவர்கள், புதர் வெட்டுபவர்களைப் பற்றிப் பேசும் தகுதியை அப்போதே இழந்துவிடுகிறார்கள்.

எந்தப் புதரில் எந்த மாதத்தில் எந்தப் பறவை இருந்தது என்ற குறிப்புகள் என்னைப் போன்ற பலரிடம் உள்ளன. அடுத்த சுற்றுப் பணிக்கான தேதியைக் குறிப்பதற்கு முன், பாதையைப் பராமரிப்பவர்கள் ஒரு காலைப்பொழுது எங்களுடன் நடந்து வந்தால், வெட்டக்கூடிய இடங்களையும் விட்டுவைக்க வேண்டிய இடங்களையும் நேரிலேயே காட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்