எழும்பாத ராஸ்பெரி பை

பண்டாரவளை

அன்பின் மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஹட்டனில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் பின்னேரமானால் இடிமுழக்கம்தான்.

பாடசாலை மழைமானிக்குப் பூட்டிய ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் போர்ட், கரண்ட் போய் வந்த பிறகு எழும்பவில்லை. சிவப்பு லைட் எரிகிறது, டிவி இருட்டு. அதன் மெமரி காட்டை ஃபோமெட் பண்ணவா என்று கேட்கிறாய். பண்ணிவிடாதே! விண்டோஸ் கணினி அப்படிக் கேட்பதால் காட் பழுது என்று அர்த்தமில்லை. காட்டில் இரண்டு பகுதி. முதலாவது ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருக்கிறது, விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியும். இரண்டாவது எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் முறை, அது தெரியாமல்தான் ஃபோமெட் கேட்கிறது. உன் மழைக் கணக்கெல்லாம் அந்த இரண்டாவதில் கிடக்கிறது.

முதலில் மழைமானி வயர், யூஎஸ்பி சாமான், காட் எல்லாவற்றையும் கழற்று. வெறும் போர்ட், சார்ஜர், டிவி மட்டும் இருக்கட்டும். எச்டிஎம்ஐ துளை இரண்டில் கரண்ட் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில் கேபிளைச் செருகி, டிவியைப் போட்ட பிறகு போர்டுக்குக் கரண்ட் கொடு. காட் இல்லை என்று எழுத்துகளோடு ஒரு திரை வந்தால் போர்ட் உயிரோடுதான் இருக்கிறது, குற்றம் பெரும்பாலும் காட்டில். ஆரம்பகாலப் போர்டுகளில் இந்தத் திரை வராமல் போகலாம். அப்போது பச்சை லைட்டைப் பார்: நான்கு தரம் மினுக்கி, நிறுத்தி, மறுபடி நான்கு என்றாலும் போர்ட் நல்லதுதான். காட்டைப் போட்ட பிறகும் அதே நான்கு வந்தால் துவக்கக் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு என்றால் கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக் கோப்பு, கிடைக்கவில்லை.

சிவப்பு லைட்டை மட்டும் நம்பாதே. கரண்ட் வருகிறது என்றுதான் அது சொல்லும், போதுமா என்று சொல்லாது. இந்தப் போர்டுக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வோல்ட் குறைவு என்ற எச்சரிக்கை வரும். போன் சார்ஜர் கேபிளுக்குள் இருப்பது பெரும்பாலும் 28 கேஜ் மெல்லிய வயர். ஒரு மீட்டர் நீளத்துக்குப் போக வர 0.43 ஓம் தடை. ஒரு ஆம்பியர் ஓடினாலே 0.43 வோல்ட் வழியில் போய்விடும். கட்டையான, தடித்த கேபிளை மாற்றிப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம்.

பச்சையும் அசையவில்லை என்றால் மல்டிமீட்டரை எடு. போர்டில் இரண்டு வரிசையாகப் பின்கள் நிற்கும். காட் துளைப் பக்கம் இருக்கும் முனையில், போர்ட் ஓரத்தை ஒட்டிய வெளி வரிசையின் முதல் பின் 5 வோல்ட், மூன்றாவது கிரவுண்ட். உள் வரிசையின் முதல் பின் 3.3 வோல்ட். கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து மற்ற இரண்டையும் அள. கை நடுங்கி முனை வழுகி 5க்கும் 3.3க்கும் பாலம் போட்டால் போர்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் ஐசி அந்த இடத்திலேயே போய்விடும், கவனம்! 5 இருந்து 3.3 இல்லையென்றால் ஐசி போயிருக்கும். வெளியே ஓடும் நீண்ட மழைமானி வயரில் இடி மின்னலின் அதிர்வு ஏறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் திருத்துவதைவிடப் புதுப் போர்ட் லாபம்.

வோல்ட் சரியாக இருந்தும் அசைவில்லையா? போர்டை எழுப்பும் சிறு நிரலான பூட்லோடர் கெட்டிருக்கலாம். வேறொரு காட்டில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருள் வழியாக பூட்லோடர் மீட்பு இமேஜை எழுதிப் போடு. பச்சை லைட் வேகமாக, விடாமல் மினுக்கினால் மீண்டுவிட்டது. டிவியும் பச்சையாகும்.

பழைய காட்டை லினக்ஸ் கணினியில் போட்டு, முதலில் 'டிடி' கட்டளையால் முழுதாக ஒரு நகல் எடு. பிறகுதான் இரண்டாம் பகுதியில், கோப்பு முறையின் பிழைகளைத் திருத்தும் 'எஃப்எஸ்சிகே' கட்டளை. காட் கெட்டுக்கொண்டிருந்தால் அந்தத் திருத்தமே மிச்சத்தையும் தின்றுவிடும்.

எழும்பிய பிறகு 'ராஸ்பி-கான்ஃபிக்' என்ற அமைப்புக் கட்டளையில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டுவிடு. மாற்றங்களைக் காட்டில் எழுதாமல் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைக்கும் வசதி அது. கரண்ட் திடீரென்று போனாலும் காட்டில் எழுத்து நடக்காது. மழைக் கணக்கு மட்டும் ஒரு யூஎஸ்பி குச்சியில் விழட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் அழிந்துபோகும்.

பச்சை எத்தனை தரம் மினுக்கியது என்று எண்ணி எழுது. மிச்சத்தை அதற்குப் பிறகு பார்ப்போம். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்